அம்மா கேஸுக்கு பர்சனல் லோன் எடுக்கறதுக்கு முன்னாடி: இலவச சட்ட உதவி யாருக்கு, எங்கே, எப்படி?

"சார், அம்மாவோட வீட்டு கேஸுக்கு வக்கீல் பீஸ், கோர்ட் செலவு எல்லாம் சேர்த்து 2 லட்சம் ஆகும்னு சொல்றாங்க. பர்சனல் லோன் எடுக்கப் போறேன். இதுக்கு ஏதாவது டேக்ஸ் பெனிஃபிட் இருக்கா?"

ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன்ல ஒரு கிளையண்ட் கேட்ட கேள்வி இது. பதில் ஒரே வரிதான்: இல்லை. சம்பளம் வாங்குறவங்க குடும்ப வழக்குக்குக் கொடுக்குற வக்கீல் பீஸுக்கு பழைய ரெஜிம், புது ரெஜிம் ரெண்டுலயும் கழிவு கிடையாது.

அந்த லோனோட கணக்கையும் பாத்துடலாம். 2 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 6,835 ரூபாய். மொத்தம் கட்டுறது ஏறத்தாழ 2.46 லட்சம். வட்டி மட்டும் 46,000. அதுவும் கேஸ் 3 வருஷத்துல முடிஞ்சிடும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க.

ஆனா லோனுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி வேற. கேஸ் யார் பேர்ல நடக்கப் போகுது? இதுக்கு பதில் "அம்மா பேர்ல"ன்னா, அந்த 2 லட்சத்துல பெரும்பகுதி தேவையே இல்லாம போகலாம்.

உங்க சம்பளம் கணக்குல வராது

இலவச சட்ட உதவின்னாலே "அது ஏழைங்களுக்கு, நாமதான் சம்பாதிக்கிறோமே"ன்னு நிறைய பேர் ஒதுங்கிடறாங்க. சட்டம் அப்படிச் சொல்லல. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, பிரிவு 12-ல யாருக்கெல்லாம் இலவச உதவின்னு பட்டியல் இருக்கு. நம்ம வீட்டுக்குப் பொருந்தக்கூடியவை இவை:

- பெண்கள். வருமான வரம்பு கிடையாது.
- குழந்தைகள்
- பட்டியல் சாதி, பழங்குடியினர்
- மாற்றுத் திறனாளிகள்
- தொழிலாளர்கள்
- ஆண்டு வருமானம் வரம்புக்குக் கீழ இருக்குறவங்க. தமிழ்நாட்டு கோர்ட்டுகளுக்கு இது 3 லட்சம் ரூபாய்.

முதல் வரியை இன்னொரு தடவை படிங்க. அம்மா பேர்ல வீடு இருக்கலாம், பென்ஷன் வரலாம், மகன் மாசம் 80,000 சம்பாதிக்கலாம். அவங்க பெண்ங்கிற ஒரே காரணத்துக்காகவே தகுதி உண்டு. பாட்டிக்கும் அத்தைக்கும் இதே விதிதான். இதைப் படிக்கிற நீங்க பெண்ணா இருந்தா உங்களுக்கும்தான்.

அப்பாவுக்கு? மேல இருக்குற மத்த பிரிவு எதுலயும் வரலன்னா வருமான வரம்பு பொருந்தும். அவரோட வருமானத்தை பிரமாணப் பத்திரத்துல எழுதிக் கொடுக்கணும். அதிகாரிக்கு சந்தேகம் வந்தாத்தான் மேற்கொண்டு ஆதாரம் கேப்பாங்க.

ஒரு நிபந்தனை எல்லாருக்கும் உண்டு. வழக்கு நடத்துறதுக்கு முகாந்திரம் இருக்கான்னு பாத்துதான் உதவி தருவாங்க. அதனால பேப்பர் முக்கியம்.

எங்கே போகணும்?

உங்க மாவட்ட கோர்ட் வளாகத்துக்குள்ளயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா கோர்ட்டுல வட்ட சட்டப் பணிகள் குழு. ஹைகோர்ட் கேஸுக்கு சென்னையிலயும் மதுரைக் கிளையிலயும் தனிக் குழு இருக்கு. எங்க போறதுன்னு தெரியலன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. இது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட கட்டணமில்லா எண். அவங்க இணையதளத்துலயும் விண்ணப்பிக்கலாம். நீங்க பெங்களூருல வேலை பாத்துட்டு அம்மா திண்டுக்கல்ல இருந்தா இது வசதி.

கையில கொண்டு போக வேண்டியது: அம்மாவோட ஆதார், பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஏற்கனவே நோட்டீஸ் வந்திருந்தா அது, என்ன நடந்ததுன்னு தேதி வாரியா ஒரு பக்கத்துல எழுதின குறிப்பு. அந்த ஒரு பக்கக் குறிப்பை ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா பக்கத்துல உக்காந்து எழுதுங்க. உங்களால செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

விண்ணப்பம் ஏத்துக்கிட்டா குழுவோட பட்டியல்ல இருக்குற ஒரு வக்கீலை நியமிப்பாங்க. அவரோட பீஸை ஆணைக்குழுவே கொடுத்துடும். கோர்ட் கட்டணம், நகல் எடுக்குற செலவு எல்லாம் இதுல அடங்கும். அந்த வக்கீல் தனியா பணம் கேட்டா கொடுக்காதீங்க. அதே அலுவலகத்துல எழுத்துல புகார் கொடுங்க. கேஸ்ல அக்கறை காட்டலன்னா வேற வக்கீல் வேணும்னும் கேக்கலாம்.

வக்கீலே இல்லாம ஒரு வழி: 2007 சட்டம்

பெத்தவங்களை பிள்ளைங்க கவனிக்காத கேஸுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. இதுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்ல. தமிழ்நாட்டுல வருவாய் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத் தலைவர். வண்டி லைசென்ஸ் தர்ற ஆர்.டி.ஓ. இல்ல, தாசில்தாருக்கு மேல இருக்குற வருவாய்த்துறை ஆர்.டி.ஓ.

- இங்க இவ்வளவு ரூபாய்னு வருமான வரம்பு இல்ல. ஆனா பராமரிப்புத் தொகை கேக்கணும்னா, சொந்த வருமானத்துலயோ சொத்துலயோ தன்னைப் பாத்துக்க முடியாத நிலையில இருக்கணும்.
- மகன், மகள் மட்டுமில்ல, 18 வயசு முடிஞ்ச பேரன் பேத்தி மேலயும் கேக்கலாம். பிள்ளை இல்லாத பெரியவங்க, தங்களோட சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசா அடையப் போற உறவினர்கிட்ட கேக்கலாம்.
- பெரியவங்களால அலைய முடியலன்னா, அவங்க அனுமதியோட நீங்களே மனு கொடுக்கலாம்.
- வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னு இல்ல. மாவட்ட சமூக நல அலுவலர்தான் பராமரிப்பு அலுவலர். பெரியவங்க விரும்பினா அவங்க சார்பா தீர்ப்பாயத்துல நிப்பாரு.
- எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாள்ல இருந்து 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தா இன்னும் 30 நாள்.
- உத்தரவுல திருப்தி இல்லன்னா பெரியவங்க 60 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு குறை இருக்கு. இங்க மாச பராமரிப்புத் தொகையா அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் கிடைக்கும். சென்னையில மருந்துச் செலவே அதைத் தாண்டிடும். அதுக்கு மேல வேணும்னா பி.என்.எஸ்.எஸ். பிரிவு 144-ல, அதாவது பழைய 125-ல, கோர்ட்டுல ஜீவனாம்சம் கேக்கலாம். அங்க உச்சவரம்பு இல்ல. ஆனா ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல கேக்க முடியாது, ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும். கோர்ட்டுக்குப் போறதா இருந்தா, அம்மாவுக்கு முன்னாடி சொன்ன இலவச வக்கீல் கிடைப்பாரு.

எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா?

இதே சட்டத்தோட பிரிவு 23. கவனிச்சுக்கணும்ங்கிற நிபந்தனையோட சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவங்க கவனிக்கலன்னா, அந்தப் பத்திரத்தை செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லி தீர்ப்பாயத்துல கேக்கலாம். சட்டம் வந்த பிறகு எழுதின பத்திரமா இருக்கணும்.

"நிபந்தனையோட"ங்கிற வார்த்தையிலதான் விஷயமே இருக்கு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

2022 டிசம்பர்: ஒரு அம்மா மகள்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாங்க. நிபந்தனை இருந்ததுன்னு மனுவுலயே சொல்லல, நிரூபிக்கவும் இல்ல. பத்திரத்தை ரத்து பண்ணின தீர்ப்பாய உத்தரவு செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

2025 ஜனவரி: மத்தியப் பிரதேசத்துல ஒரு அம்மா மகனுக்கு தானப் பத்திரம் எழுதினாங்க. கடைசி வரைக்கும் கவனிச்சுக்கறேன்னு மகன் தனியா எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஒண்ணு இருந்துச்சு. தானப் பத்திரம் ரத்து. வீட்டை அம்மா கையில ஒப்படைக்கச் சொல்லியும் உத்தரவு.

ஒரு உறுதிமொழித் தாள் எவ்வளவு வித்தியாசம் பண்ணியிருக்கு பாருங்க! அதனால உங்க வீட்டுல யாராவது செட்டில்மென்ட் எழுதப் போறாங்கன்னா, "உணவு, இருப்பிடம், மருத்துவம் பாத்துக்கணும், தவறினா பிரிவு 23-ன்படி பத்திரம் செல்லாது"ங்கிற அர்த்தத்துல ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்க. இல்ல, உயில் எழுதச் சொல்லுங்க. உயிலை உயிரோட இருக்குற வரைக்கும் எப்ப வேணா மாத்தலாம்.

பணப் பிரச்சனைக்கு வக்கீலே வேண்டாம்

பெரியவங்களுக்கு வர்ற எல்லா சிக்கலும் குடும்பச் சண்டை இல்ல. எஃப்.டி. போடப் போன அப்பா தலையில பேங்க்ல இன்ஷூரன்ஸைக் கட்டி அனுப்புறதும் நடக்குது.

- பேங்க்: முதல்ல பேங்க்குக்கு எழுத்துல புகார். 30 நாள்ல பதில் இல்லன்னாலோ, பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன். கட்டணம் இல்ல.
- இன்ஷூரன்ஸ்: முதல்ல கம்பெனிக்கு, அப்புறம் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். இதுவும் இலவசம்.
- கடை, சர்வீஸ்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம்.
- ஆன்லைன் மோசடி: 1930. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, உடனே கூப்பிடுங்க.

மக்கள் நீதிமன்றம்: ரெண்டு பக்கமும் சமரசத்துக்குத் தயார்னா லோக் அதாலத் நல்ல வழி. கட்டணம் இல்ல, கோர்ட்டுல இருக்குற கேஸ் இங்க முடிஞ்சா கட்டின கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனா இங்க முடிஞ்சதுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க.

தனி வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னா

சில கேஸுக்கு தெரிஞ்ச, அனுபவமுள்ள வக்கீல்தான் வேணும்னு தோணலாம். தப்பில்ல. ஆனா மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க. நோட்டீஸ், மனு தாக்கல், சாட்சி விசாரணை, வாதம்னு கட்டம் கட்டமா பீஸ் பேசி, எழுதி வாங்குங்க. ஜிபே-ல அனுப்புங்க, ரசீது கேளுங்க. "பீஸ் வேண்டாம், ஜெயிச்சா சொத்துல 10% கொடுங்க"ன்னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. முடிவைப் பொறுத்து பீஸ் பேசுறதும் சொத்துல பங்கு கேக்குறதும் இந்திய பார் கவுன்சில் விதிப்படி தடை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. அம்மா அப்பா போன்ல ரெண்டு நம்பரை சேவ் பண்ணுங்க: சட்ட உதவிக்கு 15100, முதியோர் உதவிக்கு 14567.
2. வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படிங்க. யார் பேர்ல இருக்கு, நிபந்தனை ஏதாவது இருக்கான்னு பாருங்க.
3. ஏற்கனவே பிரச்சனை ஓடிட்டு இருந்தா, லோன் அப்ளிகேஷனை ஒரு வாரம் தள்ளி வச்சுட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

எமர்ஜென்சி ஃபண்ட் சேக்கணும்னு நம்ம சேனல்ல அடிக்கடி சொல்றேன். ஆனா அரசாங்கம் ஏற்கனவே பணம் கட்டி வச்சிருக்குற ஒரு சேவைக்காக அந்த ஃபண்டை உடைக்க வேண்டாம். கட்டுரையை உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. வெளிய சொல்லத் தயங்குற ஒரு சித்தியோ பெரியம்மாவோ அதுல இருக்கலாம்.