நொடிக்கு 375 கெடு



கிதாரைக் கணினியில் செருகி, ஆம்ப் மென்பொருள் வழியாக ஹெட்போனில் கேட்டபடி வாசிப்பவருக்குச் சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தாலே போதும், விரல் தடுமாறிவிடும். குற்றம் விரலில் இல்லை, ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கும் பஃபரில் இருக்கிறது. 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் 1,024 மாதிரிகள் கொண்ட பஃபர் நிரம்ப 21 மில்லிநொடி ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்றால் 42. ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 34 செ.மீ. போகிறது. ஆக, காதோடு ஒட்டிய ஹெட்போன் 14 மீட்டருக்கு அப்பால் இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

பஃபரை 128-க்கு இறக்கினால் 2.7 மில்லிநொடிதான். ஆனால் அப்போது கணினி நொடிக்கு 375 முறை அடுத்த துண்டைத் தயாராக நீட்ட வேண்டும். 374 முறை சரியாக நீட்டி ஒரே ஒருமுறை பிந்தினாலும் பதிவில் ‘டிக்’ என்று வெடிக்கும். லினக்ஸ்காரர்கள் இதை எக்ஸ்ரன் என்பார்கள்.

அந்த வெடிப்பைக் கேட்டதும் புது லேப்டாப் வாங்கக் கிளம்பாதே. சராசரி வேகம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. மிக மோசமான அந்த ஒரு கணத்தில் செயலியை யார் பிடித்துவைத்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி. வைஃபையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் வாசித்துப் பார். ஆடியோ இன்டர்ஃபேஸை ஹப்பிலிருந்து கழற்றி நேரடி யுஎஸ்பி துளையில் செருகிப் பார். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் செயலியை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்கு மாற்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். லினக்ஸின் ஒலிச் சேவையான பைப்வயர் ஓடும் கணினியில் ‘பிடபிள்யூ-டாப்’ கட்டளை பிழைகளை எண்ணிக் காட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்.

அடுத்தது அனுமதி. ஒலி நிரல் மற்ற வேலைகளை முந்திக்கொண்டு ஓட அதற்கு நிகழ்நேர முன்னுரிமை வேண்டும். உன் பெயரை ‘ஆடியோ’ குழுவில் சேர்த்து, ‘ஆர்டிபிரையோ’ வரம்பை 95 என்று வைப்பது வழக்கம். கூடவே, நினைவகத்தைப் பூட்டிவைப்பதற்கான ‘மெம்லாக்’ வரம்பையும் நீக்கிவிடு. பாதி வாசிப்பில் நினைவகப் பக்கம் ஒன்று டிஸ்க்குக்குப் போய்விட்டால், அது திரும்பி வருவதற்குள் எத்தனையோ கெடு கடந்துபோயிருக்கும்.

லினக்ஸின் மையமான கெர்னலைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். இங்கோ மோல்னார், தாமஸ் க்ளைக்ஸ்னர் போன்றோர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தனித் திருத்தமாகவே பேணிவந்த நிகழ்நேர வசதி, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில்தான் மூலக் கெர்னலோடு சேர்ந்தது. அதுவரை இசைக்காரர்கள் தனிக் கெர்னலைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பெரிய உழைப்பு, மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனாலும் உனக்கு அது உடனே தேவைப்படாது. 128 மாதிரிகளுக்குச் சாதாரணக் கெர்னலே பெரும்பாலும் தாங்கும்; துவக்க வரியில் ‘ப்ரீஎம்ப்ட்=ஃபுல்’, ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’ இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மேலே யோசி.

பாடுபவருக்குத் தன் குரல் மட்டும் கேட்டால் போதுமென்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பல இன்டர்ஃபேஸ்களில் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் உண்டு; அது குரலைக் கணினிக்குள் அனுப்பாமலே ஹெட்போனுக்குத் தந்துவிடும்.

பதிவு முடிந்து மிக்ஸிங்குக்கு உட்காரும்போது பஃபரை மறுபடி 1,024-க்கு ஏற்றிவிடு. அந்த நேரத்தில் யாரும் வாசிக்கப்போவதில்லை; மிச்சமாகும் செயலி நேரத்தில் இன்னும் சில ப்ளக்-இன்கள் நிம்மதியாக ஓடும்.