நோயின் பெயரே பழியாகலாமா? ஆளுமைக் கோளாறு பற்றி அறிவோம்

ஆளுமைக் கோளாறு என்பது குணக்கேடு அன்று. தம்மையும் பிறரையும் குறித்து எண்ணும் முறை, உணர்ச்சிகளைத் தாங்கும் ஆற்றல், உறவுகளைப் பேணும் விதம் ஆகியவை நீண்டகாலமாகத் துன்பம் தரும் வகையில் இறுகிவிட்ட நிலை அது. இவற்றுள் ‘பார்டர்லைன்’ எனப்படும் வகையில், பிறர் கைவிட்டுவிடுவரோ என்னும் அச்சமும், விரைந்து மாறும் மனக்கொந்தளிப்பும், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதலும் காணப்படும். பிறவிக்கூறுகளும் இளமையில் பட்ட துயரங்களும் சேர்ந்து இதற்குக் காரணமாகலாம். ஆகவே நோயாளியையோ பெற்றோரையோ பழிப்பது பொருந்தாது.

இந்நோயைச் சூழ்ந்த இகழ்ச்சி ஊராரிடம் மட்டுமன்றி, மருத்துவம் கற்றோரிடமும் உண்டு என்பதை நாம் மறைப்பதற்கில்லை. இங்கிலாந்தில் லூயிஸ், ஆப்பிள்பி என்னும் இருவர் 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்பை மனநல மருத்துவர்களிடம் படிக்கக் கொடுத்தனர். அவருக்கு முன்பே ஆளுமைக் கோளாறு இருந்ததாகக் குறிப்பிட்டபோது, ‘தொல்லை தருபவர்’, ‘கவனத்தை ஈர்க்க முயல்பவர்’, ‘கவனிப்புக்கு அவ்வளவாகத் தகுதியற்றவர்’ என்றே மருத்துவர்கள் மதிப்பிட்டனர். அச்சொல் இல்லாத குறிப்பைப் படித்தோர் அவ்வளவு கடுமை காட்டவில்லை. ஒரு சொல்லே பார்வையை மாற்றிவிட்டது.

இதன் விளைவு சிறிதன்று. காயத்துக்குத் தையல் இடும்போதே கடுஞ்சொல் விழுகிறது. மார்புவலி, வயிற்றுவலி என்று சொன்னாலும் ‘நடிப்பு’ என்று கருதிப் பரிசோதனை தள்ளிப்போகிறது. புதூரிலிருந்து ஒருநாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி விளாத்திகுளத்துக்கோ கோவில்பட்டிக்கோ செல்லும் ஒருவர் இவ்வாறு இகழப்பட்டால், மறுமுறை உயிருக்கு ஆபத்து நேரும்போதும் மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்குவார்.

இங்குச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்கு நிகராக நடத்த வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சையும் அதே தரத்தில் இருத்தல் வேண்டும். சேவையில் குறை இருப்பின் மருத்துவமனைப் பொறுப்பு அலுவலரிடமும் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடும் உரிமை உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படுவார். மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அதற்காக அவரைத் தண்டிப்பதற்கில்லை.

உடன் வருவோர் செய்யத்தக்கவை சில:

• உடல் தொல்லை எப்போது தொடங்கியது, எவ்வாறு இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுங்கள்.

• பரிசோதனை வேண்டாம் என்றால், அதன் காரணத்தைப் பணிவுடன் கேளுங்கள்.

• ‘எங்களை மிரட்டவே இப்படிச் செய்கிறாள்’ என்று நோயாளியின் முன்னிலையில் சொல்லாதீர்கள். தம்மைக் காயப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் தாங்கவியலாத வேதனையின் வெளிப்பாடு.

• நெருக்கடி நேரத்தில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். காயமோ உயிராபத்தோ இருப்பின் 108ஐ அழையுங்கள்.

இந்நோய் தீராது என்பதும் தவறான எண்ணமே. பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பார்டர்லைன் நோயாளிகளுள் பெரும்பாலோரின் அறிகுறிகள் தணிந்தன. இந்நோய்க்கெனச் சிறப்பான உளவியல் சிகிச்சை முறையை வகுத்த அமெரிக்கர் மார்ஷா லினஹான், இளமையில் தாமும் மனநல மருத்துவமனையில் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெற்றவர் என்பதை 2011இல் உலகறியச் சொன்னார்.

கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலைக் கண்டு, இது பாழ்நிலம் என்று நம் உழவர் கைவிடுவதில்லை. மழைக்குக் காத்திருந்து விதைக்கின்றனர். நம் வீட்டில் வாடும் மனத்துக்கும் அந்தப் பொறுமையை அளிப்போம். அதற்குரிய மரியாதையான சிகிச்சையை உரிமையோடு கேட்டுப் பெறுவோம்.