வேதாளத்துக்கு ஒரு விக்ரமன் வேணும்: டேபிளில் விசித்திர கேரக்டர்களைச் சமாளிப்பது எப்படி?



டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம் ஏற்கெனவே ஆடுறவங்களுக்கு இந்தக் கட்டுரை நேரடியாவே உதவும். ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கேரக்டர். "நான் கதவை உடைக்கிறேன்"னு ஒருத்தர் சொன்னா, உடைந்ததா இல்லையான்னு பகடை முடிவு பண்ணும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதில் ரொம்பப் பிரபலமான கேம்.

இப்போ நீங்கதான் டிஎம்னு வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கதை ஆரம்பிக்கப் போறீங்க. ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன், ஒருத்தர் வில்லாளி. அஞ்சாவது ஆள் மெதுவா கேட்கிறார்: "மச்சி, நான் வேதாளமா வரலாமா?"

அந்த இடத்தில் டிஎம்முக்கு ரெண்டு பதில்தான் சட்டுனு வாயில் வரும். ஒன்று, "அதெல்லாம் முடியாது". இன்னொன்று, "சரி, என்னமோ பண்ணு". முதல் பதிலைச் சொன்னால் அந்த ஒருத்தர் அடுத்த வாரம் வரமாட்டார். ரெண்டாவதைச் சொன்னால், நாலு வாரம் கழித்து மத்த நாலு பேரும் வரமாட்டாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு.

இது 50 வருஷத்துப் பிரச்சினை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். முதல் பதிப்பிலேயே இதுக்கு விதி இருந்தது. ஆடுபவர் கிட்டத்தட்ட எதுவாக வேண்டுமானாலும் வரலாம், ஆனால் பலவீனமா ஆரம்பித்து மெல்ல மேலே வரணும். டிராகனா வர ஆசைப்பட்டால் குட்டி டிராகனா ஆரம்பிக்கணும்.

அதுக்கும் முன்னாடி, ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒரு வீரர் ரத்தக்காட்டேரியா மாறினார். சர் ஃபேங்ன்னு பேர். அவரை யாராலும் அடக்க முடியாமல் போகவே, காட்டேரி வேட்டையாடும் ஒரு பாதிரியார் கேரக்டரைக் கொண்டுவந்தார்கள். இன்னிக்கு எல்லா டேபிளிலும் இருக்கும் கிளெரிக் வகுப்பு அங்கிருந்துதான் வந்ததுன்னு இந்த விளையாட்டின் வரலாற்றை எழுதுறவங்க சொல்றாங்க. ஒரு விசித்திர கேரக்டரைச் சமாளிக்கப்போய் புதுசா ஒரு வகுப்பே பிறந்திருக்கு!

1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்களுக்கான கையேட்டில் கைகாக்ஸின் தொனி மாறிவிட்டது. அரக்கனா வர ஆசைப்படுறவங்க பெரும்பாலும் பலத்துக்காகத்தான் கேட்கிறாங்க, அதை ஊக்குவிக்காதீங்க என்ற பொருளில் எழுதினார். அவர் பயத்தில் நியாயம் இருக்கு. ஆனால் எல்லாரும் பலத்துக்காகத்தான் கேட்கிறாங்கன்னு சொல்லிட முடியாது.

நம்ம கதைகள் இதை எப்படிச் சமாளித்தன?

கடோத்கஜனை எடுத்துக்கோங்க. பறப்பான், மாயம் செய்வான், உருவம் மாறுவான். 'மாயாபஜார்' (1957) படத்தில் எஸ்.வி. ரங்காராவ் வரும் காட்சிகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அவன் வந்தா மத்தவங்க யாரும் கண்ணிலேயே படமாட்டாங்க. அப்படிப்பட்டவன் பாண்டவர் பக்கம் இருந்தும் மகாபாரதம் ஏன் அவன் கதையா மாறலை? அவன் எப்போதும் கூடவே இருப்பதில்லை, நினைத்தால் வருவான். பலம் இரவில்தான் கூடும். எல்லாத்துக்கும் மேல, அவன் பீமனின் மகன். அந்த உறவு இருப்பதால்தான் அவன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்.

அடுத்து வீடணன். எதிரியின் தம்பி வந்து "நானும் உங்க பார்ட்டியில் சேரலாமா?"ன்னு கேட்கிறான். ராமன் உடனே சரின்னும் சொல்லலை, விரட்டவும் இல்லை. கூட இருந்தவங்க கருத்தைக் கேட்கிறான். சுக்ரீவன் எதிர்க்கிறான். இலங்கையில் வீடணனை நேரில் பார்த்த அனுமன் ஆதரித்துப் பேசுகிறான். அதுக்கப்புறம்தான் முடிவு. கம்பன் இதுக்குன்னே வீடணன் அடைக்கலப் படலம்னு தனியா ஒரு படலம் பாடியிருக்கான். ஏழாவது தம்பின்னு ஒரு உறவும், இலங்கை ரகசியம் தெரிந்தவன்னு ஒரு வேலையும் வீடணனுக்குக் கிடைச்சுது.

ரெண்டு கதையிலும் ஒரே சூத்திரம்தான்: ஒரு எல்லை, ஒரு உறவு, ஒரு வேலை. இந்த மூணும் இருந்தால் எந்த விசித்திரத்தையும் மேசையில் உட்கார வைக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

நம்ம ஆட்கள் சனிக்கிழமை 3 மணிக்கு ஆரம்பித்தால், 6 மணிக்கு ஒருத்தர் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓடணும், இன்னொருத்தர் பூந்தமல்லி பஸ் பிடிக்கணும். கையில் இருப்பது 180 நிமிஷம். டீ, அரட்டைக்கு 30 போனால் மீதி 150. அஞ்சு பேருக்கும் ஆளுக்கு 30 நிமிஷம். விசித்திர கேரக்டர் மட்டும் 60 நிமிஷம் எடுத்துக்கிட்டா, மத்தவங்களுக்கு ஆளுக்கு 22 நிமிஷம் சொச்சம்தான்.

டேபிள் உடைவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். வேதாளம் எவ்வளவு டேமேஜ் கொடுத்ததுன்னு யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. "என் டர்னே வரலை"ங்கிறதுதான் மனசில் நிற்கும்.

எந்த வகை விசித்திரம்னு பாருங்க

ஒன்று, பலம். பறப்பது, மறைவது மாதிரி. முதல் லெவலிலேயே பறக்கும் ஆள் இருந்தால் மதில், பள்ளம், ஆறு எல்லாம் அர்த்தம் இழந்துவிடும். இதுக்கு மருந்து படிப்படியா கொடுப்பது. முதலில் உயரத்திலிருந்து அடிபடாமல் மிதந்து இறங்கலாம். அடுத்து ஒரு சண்டைக்கு ஒரு முறை பறக்கலாம். அப்புறம் முழுசா பறக்கலாம்.

ரெண்டு, உடம்பு. யானை அளவு டிராகன் சத்திரத்துக்குள் எப்படி நுழையும்? பேசும் பூனை எப்படி வாள் பிடிக்கும்? இங்கே விதியைக் கொஞ்சம் தளர்த்துங்க. டிராகன் மனுஷன் உயரம்தான்னு வைத்துவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்தது.

மூணு, மனசு. யாரிடமும் பேசாத, யாரையும் நம்பாத, இருட்டு மூலையில் நிற்கும் கொலைகாரன். பார்க்க சாதாரண மனுஷன், ஆனால் மூணிலும் கஷ்டமான வகை இதுதான். இதுக்கு எண்களில் மருந்து இல்லை. "உன் ஆள் இவங்களோட ஏன் வர்றான்?"னு கேளுங்க. பதில் வரும் வரைக்கும் கேரக்டர் ஷீட்டைத் திறக்க வேண்டாம்.

செய்முறை: வேதாளத்தைக் கட்டுவோம்

முதல் கேள்வி: "வேதாளத்தில் உனக்கு எது பிடிச்சிருக்கு?" பறப்பதா, பயமுறுத்துவதா, கதை சொல்வதா? நம்ம நண்பர் "புதிர் போடுறதும், பிணத்துக்குள்ள புகுந்து பேசுறதும்"னு சொல்றார்னு வைப்போம்.

ரெண்டாவது, புதுசா எதையும் கண்டுபிடிக்காமல் இருப்பதற்கு ஆடை மாத்துங்க. இலவச விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-இல் டீஃப்லிங் என்ற இனம் இருக்கு. இருட்டில் 60 அடி பார்வை. சரி, முருங்கை மரத்தில் ராத்திரி தொங்கியவனுக்கு அது இயல்பு. நெருப்பால் பாதிச் சேதம்தான். சுடுகாட்டிலேயே குடியிருந்த உடம்பு! தாமடர்ஜி என்ற சின்ன மந்திரம், குரலை மூணு மடங்கு உயர்த்தும், விளக்கைப் படபடக்க வைக்கும், தாழ் போடாத கதவைப் பட்டுனு சாத்தும். 3-ஆம் லெவலில், அடித்தவனையே திருப்பிச் சுடும் நெருப்பு. 5-ஆம் லெவலில் இருளைப் பரப்பும் சக்தி. ஒரு எண்ணைக்கூட மாத்தலை, வேதாளம் ரெடி.

மூணாவது, வகுப்பு. கதை சொல்றவன்னா பார்ட், நம்ம பாணர்கள் மாதிரி. பார்டுக்கு ஒரு சக்தி உண்டு: சண்டை நடுவில் ஒரு தோழனுக்கு ஆறுமுகப் பகடை ஒன்றைக் கொடுக்கலாம். அடுத்த 10 நிமிஷத்துக்குள் அவர் அதைத் தன் உருட்டலில் சேர்த்துக்கலாம். இதைப் புதிராக மாத்துங்க. வேதாளம் ஒரு கேள்வி கேட்கும், பதில் சொன்ன தோழனுக்குப் பகடை. இப்போ வேதாளம் ஒவ்வொரு முறை தன் வித்தையைக் காட்டும்போதும் இன்னொருத்தருக்கு டர்ன் கிடைக்குது. மேலே போட்ட கணக்கு இங்கே நேராகிவிடும்.

நாலாவது, அந்தப் பிண ஆசை. பிணத்திடம் அஞ்சு கேள்வி கேட்கும் ஸ்பீக் வித் டெட் மந்திரம் பார்டுக்கு 5-ஆம் லெவலில் எட்டும். "அது உனக்கு வரும், அதுவரை உன் சக்தி இன்னும் முழிக்கலை"ன்னு சொல்லுங்க. 1974 புத்தகத்தின் குட்டி டிராகன் ஐடியாவேதான். முழு உடம்புக்குள் புகுவதைக் கதையின் கடைசிக் கட்டத்துக்கு வைங்க.

கடைசியா, உறவு. மத்த நாலு பேரில் ஒருத்தர் விக்ரமன். ஏரிக்கரை முருங்கை மரத்திலிருந்து இந்த வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டவர். அவருக்கு ஒரு கடன், இதுக்கு ஒரு வாக்கு. அது என்னன்னு அந்த ரெண்டு பேரும் சேர்ந்து எழுதட்டும். அம்புலிமாமா படித்தவங்க வீட்டில் கேட்டுப் பாருங்க, தோளில் சுமக்கும் அந்த ராஜா இல்லாமல் வேதாளத்தை யாருக்கும் நினைவிருக்காது.

ஊரே வெறுக்கும் கேரக்டர்

இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. கோப்ளின், அரக்கன், வேதாளம்னு ஒருத்தர் வந்தால், போகிற ஊரில் எல்லாம் அவரைத் துரத்துவதுதான் யதார்த்தம்னு பல டிஎம்கள் நினைக்கிறாங்க. சத்திரத்தில் இடம் இல்லை, கிணற்றில் தண்ணி இல்லை, கோயிலுக்குள் விடமாட்டாங்க. ஒரு செஷனுக்கு அது கதை. ஒவ்வொரு செஷனிலும் நடந்தால் அது கதை இல்லை.

நம்ம மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் வாடகைக்கு வீடு தேடும்போது "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்கப்பட்டவங்களா இருக்கலாம். சனிக்கிழமை அந்த மூணு மணி நேரம்தான் அவங்களுக்குக் கிடைக்கும் வேற உலகம். அங்கேயும் அதே கதவைச் சாத்தலாமான்னு டிஎம் யோசிக்கணும். சிலருக்கு அந்தக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போற கதைதான் வேண்டும். சிலருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். எது என்பதை ஊகிக்காதீங்க. ஆட்டத்துக்கு முந்தைய செஷன் ஜீரோவில் எல்லாரிடமும் பொதுவா "இந்த ஊர் மக்கள் உங்க ஆளை எப்படி நடத்தணும்?"னு கேளுங்க. ஒருத்தரை மட்டும் தனியா நிறுத்திக் கேட்க வேண்டாம். காரணமும் கேட்க வேண்டாம்.

"வேண்டாம்"னு எப்போ சொல்வது?

மத்தவங்க எல்லாரும் சோகமான போர்க்கதை வேண்டும்னு முடிவு பண்ணியிருக்கும்போது ஒருத்தர் பேசும் வடையா வர ஆசைப்பட்டால், வேண்டாம்னு சொல்லலாம். உறவு, எல்லை எதுவுமே வேண்டாம், சக்தி மட்டும் போதும்னு அடம் பிடித்தாலும் சொல்லலாம். ஆனால் தனியா, மரியாதையா சொல்லுங்க. கூடவே ஒரு தேதியும் கொடுங்க: "இந்தக் கேம்பெயினுக்கு செட் ஆகாது டா. செமஸ்டர் முடிஞ்சதும் ஒரு ஒன்-ஷாட் போடுறேன், அதுல நீ வடை." சொன்ன தேதியில் நடத்தியும் காட்டுங்க.

ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்த கேரக்டரில் உனக்கு உண்மையில் பிடித்தது எது?
2. முதல் லெவலில் என்ன முடியாது?
3. மேசையில் யாரோடு, என்ன உறவு?
4. உன் விசித்திரத்தால் மத்தவங்களுக்கு என்ன கிடைக்கும்?
5. ஊர் உன்னை எப்படி நடத்தணும்?

அஞ்சுக்கும் பதில் வந்துவிட்டால் தயங்காமல் சரின்னு சொல்லுங்க. எஸ்ஆர்டி 5.1 தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமா கிடைக்குது, புத்தகம் வாங்கக் காசு வேண்டாம். பகடை இல்லையென்றால் போனில் ஆப் இருக்கு. அடுத்த சனிக்கிழமைக்கு நாலு நாற்காலிதான் இருக்குன்னா, வேதாளத்துக்கு நாற்காலி தேவையே இல்லை. விக்ரமன் யாருன்னு மட்டும் முடிவு பண்ணிட்டு வாங்க.