கியர்பாக்ஸின் வாலைப் பார்த்துவிட்டுப் பின் சஸ்பென்ஷன் வாங்குங்கள்

1982 முதல் 2002 வரை வந்த கமரோ, ஃபயர்பேர்டு கார்களின் பின் சஸ்பென்ஷன், காரின் பின்பக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. அடியில் படுத்துப் பார்த்தால் புரியும். டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் இரண்டு பெரிய போல்ட்டில் பிடித்திருக்கும் நீளமான இரும்புக் கை ஒன்று, புரொப்பெல்லர் ஷாஃப்டை ஒட்டியே முன்னால் ஓடும். அதன் நுனி கியர்பாக்ஸின் வால் பகுதியில் ஒரு ரப்பர் புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கும். இதைத்தான் டார்க் ஆர்ம் என்கிறோம்.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சக்கரம் ஒரு பக்கம் சுழலும். ஆக்ஸில் ஹவுசிங் அதற்கு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். பினியன் மூக்கு மேலே எழும்பும். அதை எழும்பவிடாமல் பிடிப்பது இந்தக் கை. பிரேக் அடித்தால் இதுவே தலைகீழாக நடக்கும். கை தாங்கும் விசை முழுவதும் கியர்பாக்ஸின் வாலில் போய் இறங்குகிறது. அதனால் இந்தக் கார்களில் கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனின் ஓர் உறுப்பு. ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு மேனுவல் வைப்பவர்களும், காயலான் கடையில் பின் ஆக்ஸில் தேடுபவர்களும் இதை மறந்துதான் பணத்தை விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

உங்கள் காரில் இருப்பது என்ன கியர்பாக்ஸ் என்று முதலில் உறுதி செய்யுங்கள். காரில் தொழிற்சாலை என்னென்ன வைத்தது என்று சொல்லும் ஆர்பிஓ குறியீடுகள் உள்ள ஸ்டிக்கரைத் தேடுங்கள். 1993க்குப் பிந்திய கார்களில் அது டிரைவர் பக்கக் கதவில் இருக்கும். எம்எம்5 என்றால் ஐந்து கியர் மேனுவல் (டி5), எம்என்6 என்றால் ஆறு கியர் (டி56), எம்30 என்றால் 4எல்60இ ஆட்டோமேட்டிக். பழைய 700ஆர்4 கியர்பாக்ஸையே 1990இல் 4எல்60 என்று பெயர் மாற்றினார்கள். கமரோவில் அது மின்னணுக் கட்டுப்பாட்டோடு 4எல்60இ ஆனது 1994இல். ஸ்டிக்கர் சொல்வது கார் தொழிற்சாலையை விட்டு வந்த நிலையை மட்டும்தான். முப்பது நாற்பது வருடங்களில் கை மாறிய கார் இது. அதனால் படுத்து, கண்ணால் பாருங்கள். ஓர் உதாரணம்: 1987 முதல் 1992 வரை 5.7 லிட்டர் எஞ்சினோடு வந்த கமரோ எல்லாமே ஆட்டோமேட்டிக்தான். அந்த வருடக் காரில் 5.7 லிட்டரும் கிளட்ச் பெடலும் சேர்ந்திருந்தால், யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் டார்க் ஆர்மை எதில் எப்படி மாட்டினார்கள் என்பதுதான் அந்தக் காரில் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம்.

வால் ஹவுசிங்கில் காது இருக்கிறதா என்று பாருங்கள். கமரோவுக்காக வார்த்த டி5, டி56, 700ஆர்4 வால்களில், டார்க் ஆர்ம் பிராக்கெட்டைப் பிடிக்கத் துளையிட்ட தடித்த மேடுகள் உண்டு. அதே 700ஆர்4 ஒரு டிரக்கிலிருந்தோ கப்ரீஸிலிருந்தோ வந்திருந்தால் அந்த இடம் வழுவழுவென்று இருக்கும். மஸ்டாங்கின் டி5, எஸ்10 பிக்கப்பின் டி5 ஆகியவற்றிலும் காது கிடையாது. கமரோவின் டி5 கொஞ்சம் சாய்ந்து உட்காரும். ஆக பெல் ஹவுசிங்கும் அதற்கென்றே வந்ததாக இருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்ததே என்று மஸ்டாங் டி5 ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பல்லெல்லாம் புதுசு போல இருந்தது. வாலைத் திருப்பிப் பார்த்ததும் இருவரும் பேசாமல் நின்றோம். அந்தக் கையை மாட்ட அதில் இடமே இல்லை.

கை, முன் புஷ், பிராக்கெட், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து ஒரே தொகுப்பாக எடுங்கள். முன் பிராக்கெட்டும் குறுக்குச் சட்டமும் கியர்பாக்ஸைப் பொறுத்து மாறும். கையை மட்டும் தனியாக வாங்க நேர்ந்தால், பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, நுனி வளைவையும் நீளத்தையும் ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். புதிதாகச் செய்து விற்கும் கடைக்காரர்கள் வருடம், எஞ்சின், கியர்பாக்ஸ் என்று மூன்றையும் கேட்பார்கள். மூன்றுக்கும் சரியான பதில் கையில் இருக்கட்டும்.

பின் மூடியின் போல்ட்டுகளை எண்ணுங்கள். பத்து இருந்தால் வழக்கமான ஜிஎம் ஆக்ஸில். ஒன்பது இருந்தால் ஆஸ்திரேலியாவில் செய்த போர்க்வார்னர் ஆக்ஸில். 1980களின் நடுவிலிருந்து சில கமரோ, ஃபயர்பேர்டுகளில் வந்தது. ஒன்பது போல்ட் ஆக்ஸிலுக்கு டார்க் ஆர்ம் வேறு. இதைப் பார்க்காமல் ஆக்ஸிலை மட்டும் வாங்கி வந்தவர்கள் கைக்காக மறுபடி அலைகிறார்கள். 1993க்குப் பிந்திய ஆக்ஸில் முந்தையதைவிட அகலம் என்பதையும் மனதில் வையுங்கள். பழைய காரில் மாட்டினால் சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே நிற்கும்.

கிரவுன் பினியன் விகிதத்தையும் விசாரியுங்கள். 1998க்குப் பிந்திய எட்டு சிலிண்டர் கமரோவில் மேனுவலுக்கு 3.42, ஆட்டோமேட்டிக்குக்கு 2.73 அல்லது 3.23. ஆட்டோமேட்டிக் காரின் 2.73 ஆக்ஸிலில் 3.42 பல்லை அப்படியே மாட்ட முடியாது. கிரவுனைப் பிடிக்கும் கேரியர் 3.08 வரை ஒன்று, 3.23 முதல் மேலே இன்னொன்று.

காதுகளைத் துடைத்துவிட்டு வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1998 கமரோவின் எல்எஸ்1 எஞ்சின் தரும் உச்ச டார்க் 335 அடி-பவுண்ட், சுமார் 454 நியூட்டன் மீட்டர். டி56இன் முதல் கியர் 2.66, பின்னால் 3.42. மூன்றையும் பெருக்கினால் ஆக்ஸிலில் ஏறத்தாழ 4,130 நியூட்டன் மீட்டர். கையின் நீளத்தை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன் நுனியில் சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. அது கணக்குக்கு வரும் சீரான தள்ளுதான். கிளட்சை ஒரேயடியாக விட்டால் சுத்தியலடி போல் விழும். ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் புறப்படும்போது டார்க்கைப் பெருக்கிக் கொடுத்தாலும் அடி கொஞ்சம் மெத்தென்று இறங்கும். இத்தனையையும் தாங்குவது வார்த்த அலுமினியம். விரிசல் விட்ட காது ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் அழுக்கு படிந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தபோது, போல்ட் துளையின் ஓரத்திலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. ஸ்பேனரை வைத்து லேசாக அழுத்தியதும் கோடு வாய் திறந்தது. வாங்கப்போகும் கியர்பாக்ஸ் எதுவானாலும் இந்த ஓர் இடத்தைத் துடைக்காமல் பேரம் பேசாதீர்கள்.

கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரையும் சஸ்பென்ஷன் சாமானாகவே எண்ணிப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் வால் ஆடும், வாலோடு கையும் ஆடும். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது அடியில் கேட்கும் ‘டொக்’ சத்தத்துக்குப் பின்பக்கப் புஷ்களையெல்லாம் மாற்றிவிட்டுக் கடைசியில் இந்த ரப்பரில் வந்து நிற்பவர்கள் உண்டு.

கையைக் கழற்றுமுன் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள், பினியன் மூக்குக்கு அடியில் ஒரு ஜாக்கியும் வையுங்கள். காயில் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் ஆக்ஸிலைச் சுழலாமல் பிடித்திருப்பதே இந்தக் கைதான். கடைசி போல்ட் வெளியே வரும் நொடியில் ஹவுசிங் திரும்பும். விரல் இடையில் இருந்தால் போச்சு.

எதை எந்தக் காரிலிருந்தும் எடுக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கீழ்க் கைகள் இரண்டும், குறுக்கே போகும் பான்ஹார்டு கம்பியும் கியர்பாக்ஸைத் தொடுவதில்லை. 1982 முதல் 2002 வரை அவை ஒன்றுக்கொன்று பொருந்தும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் யோக்கிலும் கவலை குறைவு: 700ஆர்4, 4எல்60இ, டி5, கமரோவின் டி56 எல்லாவற்றுக்கும் 27 பல். டிஎச்400 ஆட்டோமேட்டிக் வைத்தால்தான் 32 பல் யோக் தேட வேண்டும்.

டார்க் ஆர்ம் இல்லாத கார்களில்

பட்டை ஸ்பிரிங் வைத்த அறுபதுகளின் கார்களில் கியர்பாக்ஸுக்கும் பின் சஸ்பென்ஷனுக்கும் நேரடித் தொடுப்பு இல்லை. ஆனாலும் கியர்பாக்ஸைப் பார்த்தே சாமானை மாற்றினார்கள். 1968 நடுவில் வந்த 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கியர் மேனுவல் காருக்கு மட்டும் பின் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்தார்கள். கிளட்சை விட்டதும் பட்டை நெளிந்து ஆக்ஸில் குதிப்பதை அடக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆட்டோமேட்டிக் காருக்கு இரண்டும் ஒரே பக்கம். எனவே ஷாக், அடித் தட்டு, மேலே பிடிக்கும் இடம் மூன்றையும் கியர்பாக்ஸைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கதவுத் தகட்டில் கியர்பாக்ஸுக்கான எழுத்து 6 என்றால் நெருக்க விகித நான்கு கியர், யு என்றால் சி6 ஆட்டோமேட்டிக். கமரோவில் 1968இல் இதே ஏற்பாடு எந்தக் கியர்பாக்ஸானாலும் வந்தது. ஆக மஸ்டாங் வைத்திருப்பவர் சொல்லும் விதி கமரோவுக்குச் செல்லாது.

கிரைஸ்லரில் கதை இன்னொரு மாதிரி. 426 ஹெமியோடு நான்கு கியர் வாங்கியவருக்கு 9¾ அங்குல கிரவுன் உள்ள டானா 60 ஆக்ஸில் வந்தது. ஆட்டோமேட்டிக் வாங்கியவருக்குப் பெரும்பாலும் 8¾. அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை அளக்காமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற முடியாது. பட்டைகள் மட்டும் எஞ்சினைப் பொறுத்தவை: ஹெமி காரில் வலது, இடது பட்டைக் கட்டுகள் ஒரே மாதிரி இருக்காது. புறப்படும்போது வலது பின்சக்கரம் தூக்கிக்கொள்ளப் பார்க்கும் என்பதால் வலப் பக்கத்துக்குக் கூடுதல் அரைப் பட்டைகள். கழற்றும்போதே சுண்ணாம்புக் கட்டியால் இ, வ என்று எழுதிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

“எல்லாக் கமரோவுக்கும் பொருந்தும்” என்ற பேச்சை நம்பாதீர்கள். கீழ்க் கைக்கு அது உண்மை. டார்க் ஆர்முக்கு அது உண்மையில்லை. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கழற்றிய காரில் என்ன கியர்பாக்ஸ் இருந்தது என்று அவரே பார்த்திருக்கமாட்டார்.

பொருந்தாத பிராக்கெட்டைப் பொருத்தத் துளையை ராவிப் பெரிதாக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் போதும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் போல்ட் அந்தத் துளைக்குள் அடிக்க ஆரம்பிக்கும். உடைந்த காதுக்கு அலுமினிய வெல்டிங் வைத்து ஒப்பேற்றவும் வேண்டாம். வால் ஹவுசிங்கையே மாற்றுங்கள். அது தனியாகக் கழலும் துண்டுதான்.

முன் புஷ்ஷை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். பின்சக்கரம் ஏறி இறங்கும்போது கீழ்க் கைகள் ஒரு வட்டத்தில் போகின்றன, டார்க் ஆர்ம் இன்னொரு வட்டத்தில் போகிறது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட, கையின் நுனி முன்னும் பின்னும் கொஞ்சம் வழுக்க வேண்டும். வழுக்க இடம் கொடுக்காவிட்டால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கை கியர்பாக்ஸையே பிடித்து இழுக்கும்.

காதில்லாத கியர்பாக்ஸில் கையைத் தொங்கவிட நீங்களாக ஒரு வழி கண்டுபிடிக்காதீர்கள். டிஎச்350, டிஎச்400, பவர்கிளைடு போன்ற ஆட்டோமேட்டிக் வைப்பவர்களுக்கு, கையைக் கியர்பாக்ஸில் மாட்டாமல் தனிக் குறுக்குச் சட்டத்தில் பிடிக்கும் அமைப்பு விற்கிறார்கள். பந்தயப் பாதையில் பிசுபிசுப்பான டயரோடு ஓட்டுகிறவர்கள் மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோ, அதற்கே மாறிவிடுவது நல்லது. சாலையில் மட்டும் ஓட்டும் காருக்குத் தொழிற்சாலை ஏற்பாடே போதும்.

சரிசெய்யக்கூடிய கை வாங்கியிருந்தால், கார் ஜாக்கியில் தொங்கும்போது பினியன் கோணத்தை அளக்காதீர்கள். எடை முழுக்க டயரில் இருக்கும்போது அளந்தால்தான் அது கணக்கு. பொதுவாக 1 முதல் 3 டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள்.

ஆட்டோமேட்டிக் மஸ்டாங்கில் முன்பின் ஷாக் அமைப்பை நீங்கள் வைத்திருந்தால், விற்கும்போது அதை மறைக்காதீர்கள். வாங்குபவர் அந்த ஷாக்கைப் பார்த்தே நான்கு கியர் கார் என்று முடிவு செய்து அதற்கான விலையைக் கொடுத்துவிடுவார். 1967க்குப் பிந்திய ஃபோர்டுகளுக்குத் தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கிறது. அதைக் காருடன் சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. கை வரும்வரை காரைக் கொட்டகைக்குள் பத்தடி நகர்த்திக்கொள்ளலாம் என்று டார்க் ஆர்ம் இல்லாமல் எஞ்சினைப் போட்டுக் கியரில் விடாதீர்கள். பத்தடிக்குள்ளேயே ஹவுசிங் சுழன்று, பிரேக் பைப்பை அறுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தரையில் குத்திவிடும். நகர்த்த வேண்டுமா, நியூட்ரலில் வைத்து நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள்.