முதல் மடக்குக்கத்தி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் அரிவாளும் அரிவாள்மனையும் இல்லாத வீடு அரிது எனினும், மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையின் சணல் தையலை அறுக்கவும், கொய்யாவை நறுக்கவும், ஒட்டுக்கட்டும் குச்சியைச் சீவவும் சட்டைப்பையில் அடங்கும் மடக்குக்கத்தியே உதவுகிறது. அதை முதன்முதலாக வாங்குவோரிடம் நிலவும் சில நம்பிக்கைகளை உண்மையோடு ஒப்பிட்டால், தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது கத்தியின் தோற்றமன்று, அது செய்யப்போகும் வேலையே என்பது விளங்கும்.

நம்பிக்கை 1: மடக்குக்கத்தி மேலைநாட்டார் அறிமுகப்படுத்திய பொருள்.

உண்மை: உரோமானியர் காலத்திலேயே ஐரோப்பாவில் மடக்குக்கத்தி வழங்கியது, பிரான்சின் சவோய்ப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி இன்றும் விற்பனையாகிறது. ஆயினும் ஓலைச்சுவடி எழுதிய தமிழர் கையாண்ட மடக்கெழுத்தாணியில், ஓலையை வாரும் கத்தி ஒரு முனையிலும் எழுதும் ஊசி மறுமுனையிலும் அமைந்து, இரண்டும் பிடிக்குள் மடங்கின. ஆகவே கூர்முனையைப் பிடிக்குள் ஒடுக்கிவைக்கும் நுட்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

நம்பிக்கை 2: துருப்பிடிக்கும் கத்தி மட்டமானது.

உண்மை: எஃகில் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் சேரும்போது அது துருவை எதிர்க்கிறது. அச்சேர்க்கை இல்லாத கரிம எஃகு துருப்பிடிக்குமாயினும், சாணைக்கல்லில் எளிதாகக் கூரேறும். எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றின் புளிப்பால் அதன் அலகு, அதாவது வெட்டும் தகடு, கருமை படர்வது பழுதன்று. அலகைத் துடைத்து உலர்த்தித் துளி தேங்காயெண்ணெய் பூசும் பழக்கமுள்ளோர் கரிம எஃகையும், அதற்குப் பொழுதில்லாதோர் துருப்பிடிக்காத எஃகையும் தேர்வதே முறை. எவ்வகையாயினும் அலகின் தரம், எஃகைப் பழுக்கக் காய்ச்சி அமிழ்த்திப் பின் இளஞ்சூட்டில் பதப்படுத்தும் தோய்ச்சலைப் பெரிதும் சார்ந்தது.

நம்பிக்கை 3: அலகு நீண்டால் பயன் மிகும்.

உண்மை: அன்றாட வேலைகளுக்கு 6 முதல் 8 செ.மீ. அலகு போதுமானது, நீளம் கூடினால் நுனி கட்டுக்கு அடங்காது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டு விதிகள், வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்படாத, 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுடைய கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்துள்ளன. சிறிய கத்தியானாலும் விமானப் பயணத்தில் கைப்பையில் வைத்திருக்க அனுமதியில்லை.

நம்பிக்கை 4: பூட்டில்லாத மடக்குக்கத்தியை நம்ப இயலாது.

உண்மை: மரபுவழிக் கத்திகள் பலவற்றில் பிடியின் முதுகில் பொருந்திய எஃகுப்பட்டை வில்லாக அழுத்தி அலகை நிறுத்துவதால், வெட்டும் வேலைக்கு அவற்றை நம்பலாம். ஆனால் அந்த வில் பூட்டு அன்று என்பதால், குத்துவதற்கும் நெம்புவதற்கும் அலகின் முதுகை அழுத்துவதற்கும் அக்கத்தி ஏற்றதன்று. வாங்குமுன் அதை மெல்லத் திறந்து, திறந்த அலகை இருபுறமும் அசைத்து, அலகு சுழலும் ஆணியில் ஆட்டமில்லை என்பதையும், மடித்த நிலையில் நுனி பிடிக்கு வெளியே துருத்தவில்லை என்பதையும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வில்லுக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்று கசியவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். நகம் வலிக்குமளவு விறைத்த வில் தொடக்கத்தினருக்கு உகந்ததன்று.

நம்பிக்கை 5: பழகுவோருக்கு மழுங்கிய கத்தியே பாதுகாப்பு.

உண்மை: மழுங்கிய அலகை அழுத்தித் தள்ள நேர்வதால், அது திடீரென வழுக்கும்போது முழு விசையும் மறுகையின்மேல் பாய்கிறது, கூரிய அலகோ குறைந்த விசையில், நினைத்த இடத்தில் வெட்டுகிறது. எனவே முதல் கத்தியோடு ஒரு சாணைக்கல்லையும் வாங்கி, உடலுக்கு எதிர்ப்புறமாகச் சீவவும், விரல்கள் அலகின் வழியில் இல்லாதவாறு மடக்கவும், மடித்தபின்னரே பிறரிடம் கொடுக்கவும் பழக்குவது, இளையோருக்குக் கத்தி வாங்கித்தரும் பெரியோரின் கடமையாகும்.