பல் வலிக்குக் கடன் வாங்கும் முன்



மூன்று மாதத்துக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா 6,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "கடவாய்ப் பல்லு தாங்க முடியல. தனியார்ல வேர் சிகிச்சை பண்ணணும்னுட்டாங்க" என்றார். அடையாறில் வீட்டு வேலைக்குப் போய் வருபவர். அரசு ஆஸ்பத்திரியில் பல்லுக்கும் வைத்தியம் உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. 6,000-க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 120 ரூபாய். அசல் தனி. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

1. முதலில் எங்கே போவது?
உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் இருக்கிறாரா, எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். மயிலாப்பூர், தி.நகர் பக்கம் வேலைக்கு வருபவர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை கிட்டத்தில் உள்ளது. அங்கே பல் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். சீட்டுக்கும் டாக்டர் பார்ப்பதற்கும் பணம் கிடையாது.

2. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால்?
கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயில், மாம்பலத்திலிருந்து மின்சார ரயில், இரண்டும் கோட்டையில் நிற்கும். டாக்டர் எழுதிய கடிதம், பழைய சீட்டு, எக்ஸ்ரே மூன்றையும் ஒரே பையில் வைத்து எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

3. பணம் எதற்குக் கேட்கலாம்?
பல் செட், பல்லுக்கு உறை, கம்பி போன்றவற்றுக்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு, எத்தனை தடவை வரணும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள். கட்டினால் கவுன்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் தராதீர்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

4. காப்பீட்டு அட்டை உதவுமா?
முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கானது. பல் பிடுங்க அதை நம்பி இருக்காதீர்கள். வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கு அது பெரிய துணை.

5. தள்ளிப்போடக் கூடாதது
வாயில் புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? வெள்ளைத் திட்டு தெரிகிறதா? வாய் திறக்கக் கஷ்டமா? புகையிலை, பாக்கு போடுபவர்கள் உடனே காட்டுங்கள். வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள்.

அந்த அக்கா நான்கு தடவை போய் வந்தார். நான்கு நாள் கூலி போனது உண்மை. ஆனால் பல்லும் தங்கியது, கடனும் இல்லை.

கூட்டத்தில் பேசுவோம்:
* நம் குழுவில் பல் வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பவர் யார்?
* முதல் தடவை அவரோடு துணைக்குப் போவது யார்?