சீறும் பூனையும் நம் பொறுப்பும்

வீட்டில் வளரும் பூனை ஒருநாள் சீறிப் பிறாண்டிவிட்டால், சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடுவோர் நம்மில் உண்டு. அதற்குமுன் நாம் சற்றே சிந்திக்க வேண்டாமா?

அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாக புகாரி, முஸ்லிம் ஹதீஸ்களில் வந்துள்ளது. ஆகவே, பூனையை அடைத்துப் பட்டினி போடுவது திருத்தும் வழியன்று; பாவம்.

பூனை காரணமின்றிச் சீறுவதில்லை. பயம், உடல்நோவு, குட்டிகளைக் காக்கும் கவலை, குழந்தைகள் கைவிரலையே ஆட்டி விளையாடிய பழக்கம் ஆகியவை பெரும்பாலும் காரணமாகும். காதை மடக்கி வாலை விசிறினால், 'தொடாதே' என்கிறது, விலகிவிட வேண்டும். அடித்தால் பயம் வளரும், சீற்றமும் வளரும். விளையாட, கயிற்றில் கட்டிய துணியைக் கொடுக்கலாம். சாதுவான பூனை திடீரென மாறினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பலாகாது.

வாயில்லா ஜீவனிடம் பொறுமை காட்ட அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.